கடைசிப் படியை அவனிடம் விடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஓட்டிசம். கதைப்பது குறைவு; கவிழ்த்து வைத்த சைக்கிளின் சில்லைச் சுற்றிக்கொண்டே இருப்பான். குளிக்க வார்ப்பது, உடுப்பாட்டுவது எல்லாம் நானும் அம்மம்மாவும்தான். எங்களுக்குப் பிறகு என்ன செய்வான்? நான் சிறுமியாகப் பதுங்குகுழிக்குள் கிடந்த பயம்தான் பிள்ளையைத் தாக்கியது என்றும் ஊரில் கதைக்கிறார்கள்.
— ஒரு தாய், முள்ளியவளை

பதில்: தங்கச்சி, ஊர்க்கதையை முதலில் தள்ளி வைப்போம். ஓட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பதுங்குகுழிக்குள் இருந்த சிறுமி இதற்குப் பொறுப்பில்லை.

சரி, குளிப்புக்கு வருவோம். அதையே முதலில் எடுக்கச் சொல்வேன். இன்னும் சில வருடங்களில் அவன் பருவமடைவான். தன் உடம்பைத் தானே கழுவத் தெரிந்த பிள்ளைக்கு மற்றவர் கை தேவைப்படாது. அது அவனுக்குப் பாதுகாப்பும்கூட.

குளிப்பு எங்களுக்கு ஒரு வேலை, அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வேலை. சேட்டைக் கழற்றுவது, காலுக்கு வார்ப்பது, சவர்க்காரம் போடுவது, துடைப்பது, கடைசியில் துவாயைக் கொடியில் போடுவது. வழமைபோல் எல்லாம் நீங்களே செய்யுங்கள், துவாயை மட்டும் அவன் போடட்டும். முதலில் அவன் கையைப் பிடித்துப் போடுங்கள். பிறகு முழங்கையை மெல்லத் தொட்டால் போதும், பிறகு கொடியைக் காட்டினால் போதும், பிறகு சும்மா நில்லுங்கள். போட்ட உடனே சைக்கிள் சில்லு! அது பழகிய பின்தான் அதற்கு முந்தைய படி, துடைப்பது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடிப்பவன் அவனாக இருப்பான். முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் அழுகையோடு முடியக்கூடும். மாதக்கணக்காகலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

“கெதியா வா, தலையைத் துடை, பள்ளிக்கு நேரம் போச்சு” என்று அடுக்கினால் அவனுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். ஒரு சொல், பிறகு கொஞ்சம் காத்திருங்கள். அவன் ஒவ்வொரு படியும் செய்வதைப் போனில் படமெடுத்து, பிரிண்ட் எடுத்து, பொலித்தீன் உறையில் போட்டு, குளிக்கும் இடத்தில் வரிசையாக ஒட்டுங்கள். தலைக்கு வார்க்கும்போது கத்துகிறானா? அது அடம் இல்லை. மார்கழிக் குளிர்த்தண்ணி சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே வலிக்கும். இளஞ்சூட்டில், காலிலிருந்து தொடங்குங்கள்.

இதில் கஷ்டமான ஆள் மகனில்லை, அம்மம்மா. “பாவம் பிள்ளை” என்று துவாயை வாங்கிவிடுவார். அவரோடு சண்டை வேண்டாம். படங்களைக் காட்டி, காத்திருந்து கைதட்டும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பள்ளி ஆசிரியருக்கும் இதே வரிசையைச் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலைக்குப் போகும்போது தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். உடுப்பு, சாப்பாட்டுப் படிகளைப் பிரிக்க அவர் உதவுவார்.

அப்புறம், கிணறு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள், தண்ணீரை நாடிப் போவார்கள், ஆபத்து தெரியாது. வன்னியில் எந்தப் பக்கம் போனாலும் குளமோ கிணறோதான். வாளியில் தண்ணீரை நீங்கள் நிரப்பி, கிணற்றடியிலிருந்து தள்ளி வைத்துக் குளிக்கப் பழக்குங்கள். இப்போதைக்கு அவன் அள்ள வேண்டாம். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் கம்பி வலையாவது போட்டு மூடுங்கள். துவாய்ப் பாடம் அடுத்த கிழமை தொடங்கினாலும் பரவாயில்லை, வலையை இந்தக் கிழமையே போடுங்கள்.