தொல்பொருள் பாதுகாப்பை வாழ்க்கைத் தொழிலாக எடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறேன். கீழடிக்குப் போய் வந்ததிலிருந்து தொல்லியல் மேல் ஆசை வந்துவிட்டது. தோண்டுவதைவிட, கிடைத்ததைக் காப்பாற்றும் வேலையில்தான் எனக்கு விருப்பம். என்ன படிக்க வேண்டும்? வேலை எப்படி இருக்கும்? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பிழைக்க முடியும். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் என்ன படிப்பது என்பதற்கு முன்னால் இந்த வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் அது தெரியாமலே உள்ளே வந்து சோர்ந்துபோகிறார்கள்.

மண்ணுக்குள் கிடக்கும்வரை ஒரு பொருளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அங்கிருக்கும் ஈரத்துக்கும் உப்புக்கும் அது என்றைக்கோ பழகிப்போயிருக்கும். வெளியே எடுத்த நிமிஷத்திலிருந்துதான் கெட ஆரம்பிக்கிறது. அதனால் காப்பவருடைய வேலை எல்லாம் தோண்டி முடித்த பிறகு ஆய்வகத்தில் தொடங்குவது இல்லை. குழிக்குள் கரண்டி பொருளைத் தொடும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் குழியோரம் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் அவரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள்.

ஓர் இரும்புக் கத்தியை எடுத்துக்கொள்வோம். முதுமக்கள் தாழியோடு வைத்துப் புதைத்தது. கையில் வரும்போது துருவும் மண்ணும் சேர்ந்த ஒரு கட்டியாகத்தான் வரும். உள்ளே குளோரைடு உப்பு ஊறியிருக்கும். வெளிக்காற்று பட்டதும் அந்த உப்பு மிச்சமிருக்கும் இரும்பை மறுபடி அரிக்கும். மேற்பரப்பில் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள் அரும்பும், அப்புறம் வெடிப்பு விடும், பிறகு செதில் செதிலாக உரிந்து கொட்டிவிடும். அதனால் எடுத்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் வைத்துவிடுவோம். எக்ஸ்ரே எடுத்து, துருவுக்குள் உலோகம் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்ப்போம். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஸ்கால்பெலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். இங்கே அவசரமே கூடாது. கைப்பிடியாக இருந்த மரத்தின் நாரோ, சுற்றியிருந்த துணியின் நெசவோ அந்தத் துருவில் அப்படியே பதிந்திருக்கலாம். சுத்தம் செய்கிறோம் என்று பிரஷ் போட்டுத் தேய்த்தால் அது போனது போனதுதான்.

அடுத்தது உப்பை வெளியேற்றுவது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப்போட்டு, கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊறிய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவோம். வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் கலங்கும். ஒருநாள் கலங்காமல் தெளிவாக நிற்கும். அன்றைக்கு வருகிற நிம்மதிக்காகவே இந்த வேலையில் இருக்கலாம். பிறகு டானிக் அமிலம் பூசினால் பரப்பு கருநீலமாக மாறும். கடைசியில் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சாகக் கொடுப்போம். அதைவிடக் கெட்டியான பசைகள் கடையில் நிறையக் கிடைக்கும். ஆனால் இந்தப் பிசினை நாளைக்கு வேறொருவர் வந்து அசிட்டோன் விட்டே கரைத்து எடுத்துவிடலாம். நம்மைவிட நல்ல முறை தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள், அவர்களுக்கு வழி விட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பானையோட்டை நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். அதில் கீறி வரைந்த குறியீடு இருந்தால் கூடுதல் கவனம். எலும்பையும் அதை ஒட்டிய மண்ணையும் வெறுங்கையால் தொடவே கூடாது. கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகைப் புதைகாட்டு எலும்புகளை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொன்மரபணு ஆய்வு நடக்கிறது. எடுத்தவரின் வியர்வை பட்டால் அந்த மாதிரியில் அவருடைய மரபணுவும் கலந்துவிடும். கீழடிக்குக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019-ல் வெளியான காலக்கணிப்பும் இப்படிப்பட்ட கவனத்தில் நிற்பதுதான். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரிமாதிரிக்குக் கி.மு. 580 என்று முடிவு வந்தது. ஆழத்தைச் சரியாகக் குறிக்காமலோ மாதிரியை வேறு மண்ணோடு கலந்தோ எடுத்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இருந்திருக்காது.

கட்டடம் பக்கம் போனால் வேலை முற்றிலும் வேறு. திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். 1636-ல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டும்தான். அதுவும் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு எடுத்துச் செப்பனிட்டதால் மிஞ்சியது. செங்கல், சுண்ணாம்பு, சுதை. இந்த மாதிரிச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், பின்னால் இருக்கும் செங்கல் பொடிந்துபோகும். வெளியே பார்க்கப் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் உளுத்துக்கொண்டிருக்கும். அதனால் நீற்றிய சுண்ணாம்பைச் சலித்த மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்துப் புளிக்கவைக்கிறோம். பதம் பார்ப்பது கொத்தனார்தான். கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவருக்குப் போகும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைத்தால் கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது அவர்கள் விரல்களில் இருக்கிறது.

மூன்றாவது, மலைகள். மதுரையைச் சுற்றிக் கிடைக்கும் பாக்கியம் இது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு. ஆய்வகம் மாதிரிப் பூட்டிவைக்க முடியாத இடங்கள் இவை. வெயில், மழை, எனாமல் பெயிண்டில் பெயர் எழுதுகிறவர்கள், பக்கத்தில் கல் உடைப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். இங்கே ரசாயனத்தைவிடப் பேச்சுதான் அதிகம் உதவும்.

ஒரு மலையடிவாரத்தில் சிற்பத்தின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். வயதான ஒரு அம்மா வந்து, "ஏன் தாயி, எங்க சாமிக்கு நாங்க வெளக்குப் போடக் கூடாதாக்கும்?" என்று கேட்டார். ஊர் அதைச் சமணத் தீர்த்தங்கரராகப் பார்க்கவில்லை, தன் சாமியாகப் பார்க்கிறது. அந்தப் பக்திதான் இத்தனை காலம் அதை உடையாமல் காத்திருக்கிறது. கூடாது என்று பலகை வைத்துவிட்டு வந்திருந்தால் ஊரே எதிராகத் திரும்பியிருக்கும். உட்கார்ந்து பேசினோம். புகை கல்லில் படியாத தூரத்தில் விளக்குக்கு ஒரு மாடம் கட்டிக்கொண்டார்கள். எண்ணெயை அதிலேயே ஊற்றுகிறார்கள். அரிட்டாபட்டியை எடுத்துக்கொண்டாலும் சரி, 2022-ல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது, அது 2025 ஜனவரியில் கைவிடப்படும்வரை தெருவில் நின்றது அந்தப் பகுதி மக்கள்தான்.

சரி, படிப்பு. தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டு வருஷ முதுநிலைப் பட்டயம் உங்களுக்கு நல்ல தொடக்கம். கல்வெட்டும் அகழாய்வும் சேர்ந்தே வரும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் படிக்கலாம். மத்திய தொல்லியல் துறைக்கு கிரேட்டர் நொய்டாவில் சொந்தப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்பையே முதன்மைப் பாடமாகப் படிக்க நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம். பயிற்சிக்கு, பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்காக லக்னோவில் 1976-ல் தொடங்கிய தேசிய ஆய்வகம். சேர்க்கைத் தகுதியை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வரலாறு படித்தவர்கள் வேதியியலைக் கண்டு பயப்படுவது வழக்கம். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை எடுத்து அமிலம், காரம், உப்பு, உலோக அரிப்பு பாடங்களை மட்டும் ஒழுங்காகப் படித்தால் பாதிப் பயம் போய்விடும்.

வருமானத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். நிரந்தர அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், இடங்களும் குறைவு. அதுவரை ஒப்பந்தப் பணிதான். வடகிழக்குப் பருவமழை வந்தால் அகழாய்வு நிற்கும், சம்பளமும் நிற்கலாம். வீட்டில் உங்கள் பணத்தை நம்பி யாராவது இருந்தால் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அருங்காட்சியகங்கள், கோயில் திருப்பணி, கட்டடச் சீரமைப்பு என்று வெளியிலும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அங்கே டெண்டர் தேதிதான் வேகத்தைத் தீர்மானிக்கும். மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் முறையில் கல்வெட்டுச் சுவரைச் சுத்தம் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லும் தைரியம் வேண்டும். எழுத்தின் விளிம்பு மழுங்கிவிட்டால் திரும்ப வராது.

இந்த விடுமுறையிலேயே ஏதாவது தொடங்க நினைத்தால், மாலை நேரத்தில் ஒரு மலைக் கல்வெட்டுக்குப் போங்கள். எழுத்தில் சாக்பீஸ் தீட்டிப் படம் எடுக்க வேண்டாம். டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழுந்து தெரியும். அதைப் பார்த்து நோட்டில் வரைந்து, எங்கே பாசி, எங்கே விரிசல், எங்கே பெயிண்ட் என்று குறித்துவையுங்கள். நிலையறிக்கை என்று நாங்கள் எழுதுவதும் அதுதான். வரைந்ததைப் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.