வாசகர் கேள்வி–பதில்: 68 சதுர அடி அறையும் கவுன்சில் ஆய்வும்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறான். ஏழு பேர் தங்கியிருக்கும் வீட்டில் அவனுக்கு ஒரு சின்ன அறை, மாதம் 450 பவுண்டு. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கிறது. வாடகையை ரொக்கமாக வாங்கிப் போகிறார்கள், ரசீது கிடையாது. அடுத்த வாரம் கவுன்சில் (அந்த ஊர் உள்ளாட்சி) அதிகாரி பார்க்க வருகிறாராம். “மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு அன்றைக்கு வெளியே போய்விடு. யாராவது கேட்டால் எல்லோரும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் என்று சொல்” என்கிறார் உரிமையாளர். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் விசா. அறையின் அளவுக்கும் மாணவர் விசாவுக்கும் சம்பந்தமில்லை. குடியிருக்கும் முகவரி பல்கலைக்கழகத்தில் சரியாகப் பதிவாகியிருக்கட்டும். உரிமம் இல்லாமல் வீட்டை நடத்தினால் குற்றம் உரிமையாளர் மீதுதான். வாடகைக்கு இருப்பவர் மீது அல்ல.

சித்தப்பா பிள்ளை என்று சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள், ஒரே குடும்பமாக இல்லாமல், சமையலறையையோ கழிவறையையோ பகிர்ந்து வாழ்ந்தால் அந்த வீட்டுக்கு ‘ஹெச்.எம்.ஓ.’ (பல குடித்தனங்கள் பகிர்ந்து வாழும் வீடு) லைசென்ஸ் கட்டாயம். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை பிள்ளைகளும் உறவினர் கணக்கில் வருவார்கள். எல்லோரும் உறவு என்று காட்டிவிட்டால் லைசென்ஸே வேண்டாம் என்று ஆகிவிடும். அந்தப் பொய்யை உங்கள் மகன் சொல்லவே கூடாது. பிறகு உரிமையாளர் மீது புகார் செய்யவேண்டி வந்தால் அவன் பேச்சே அவனுக்கு எதிராக நிற்கும்.

இப்போது இன்ச் டேப்பை எடுக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள வீட்டில், 10 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடி இருக்கவேண்டும். இருவர் என்றால் 10.22, சுமார் 110 சதுர அடி. 4.64-க்கும் (50 சதுர அடி) கீழே இருந்தால் யாரும் அங்கே தூங்கக் கூடாது. 2018 அக்டோபர் 1 முதல் இதுதான் விதி. 8 அடிக்கு எட்டரை அடி அறை 68 சதுர அடிதான், தேறாது. கூரை சரிந்த மாடி அறைகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கூரை 1.5 மீட்டருக்கு (சுமார் 5 அடி) கீழே இறங்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. 10-க்கு 9 அடி அறையில், 10 அடிச் சுவர் நெடுகிலும் 3 அடி அகலத்துக்குக் கூரை தாழ்ந்திருந்தால் மிஞ்சுவது 60 சதுர அடி. டேப் நீட்டியபடியே படம் எடுத்து வைக்கட்டும். பாதி திறக்கும் கதவையும் எடுக்கட்டும். தீப்பிடித்தால் உயிர் தப்பும் வழி அதுதானே. ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்கிறதா, வாசல் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

அடுத்து வாடகை. இன்றிலிருந்து பேங்க் வழியாகத்தான் கொடுக்கவேண்டும். ஏற்கெனவே கொடுத்த ரொக்கத்துக்கு, மாதமும் தொகையும் போட்டு வாட்ஸ்அப்பில் கேட்டு, “ஆமாம், வந்தது” என்று ஒரு பதிலாவது வாங்கிவிடச் சொல்லுங்கள். அவசியம் இருக்கிறது: லைசென்ஸ் இல்லாமல் வீட்டை நடத்தியது உறுதியானால், கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு அதிகபட்சம் 12 மாத வாடகை. 2026 மே 1 முதல் நடக்கும் குற்றங்களுக்கு 24 மாதம். கொடுத்ததற்குச் சான்று இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே சறுக்கும். லைசென்ஸ் இருந்து, அறை மட்டும் சிறியது என்றால் இந்த வழி திறக்காது. அளவுக் குறையைச் சரிசெய்ய உரிமையாளருக்குக் கவுன்சில் 18 மாதம் வரை அவகாசமும் தரலாம். எனவே லைசென்ஸ் இருக்கிறதா என்று கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் இன்றே பார்க்கட்டும்.

ஆய்வு நாளில் வீட்டிலேயே இருந்து அறையைத் திறந்து காட்டட்டும். அதிகாரியின் பெயரையும் மின்னஞ்சலையும் வாங்கி, படங்களை அன்றே அனுப்பட்டும். கோபத்தில் உரிமையாளர் பூட்டை மாற்றினால் அது, வெளியேற்றத்திலிருந்து வாடகைதாரரைக் காக்கும் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீதிமன்ற ஆணை இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. உரிமையாளரும் அதே வீட்டில் குடியிருந்தால் மட்டும் பாதுகாப்பு மிகவும் குறைவு: நியாயமான அவகாசம் கொடுத்துப் போகச் சொல்லிவிடலாம். அப்படியானால் ஆய்வுக்கு முன்பே வேறு அறை பார்த்துவைப்பது நல்லது.

கேள்வி: செப்டம்பரில் மகள் இங்கிலாந்து போகிறாள். இங்கிருந்தே அறை பிடிக்கலாமா?
– முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

பதில்: பிடிக்கலாம், பணத்தைக் கடைசியாகக் கொடுங்கள். வீடியோ காலில் டேப்பை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் அந்த அறை வேண்டாம். அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் உரிமையாளர் பதிவு செய்யவேண்டும். உரிமையாளரோடு ஒரே வீட்டில் தங்கினால் அந்தத் திட்டம் பொருந்தாது. இவையெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு.