அமெரிக்காவில் சம்பளத்தோடு சிக் லீவ்: கேளுங்கள், சொல்கிறேன்

கலிபோர்னியாவில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, வேலை பார்க்கிறேன். சிக் லீவ் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: ஃப்ரீமான்ட்டில் ஒரு மளிகைக் கடையில் வாரம் 15 மணி நேரம் வேலை. பார்ட் டைமுக்கு சிக் லீவ் கிடையாது என்கிறார் முதலாளி. அப்படியா அண்ணா?

பதில்: இல்லைம்மா, உண்டு. கலிபோர்னியாவில் ஒரே முதலாளியிடம் வருடத்துக்குள் 30 நாள் வேலை பார்த்தவர்களுக்கு, பார்ட் டைமோ தற்காலிகமோ, சிக் லீவ் கொடுத்தே ஆக வேண்டும். 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் சேரும், அதாவது உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதை வேலையில் சேர்ந்த 90ஆம் நாளிலிருந்து எடுக்கலாம். பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டு) எடுத்துப் பாருங்கள். மீதி லீவ் எவ்வளவு என்று அதிலோ, சம்பளத்தன்று தரும் வேறு தாளிலோ போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: சின்ன உணவகம் நடத்துகிறேன் சார், மூன்றே பேர்தான். எனக்கும் பொருந்துமா?

பதில்: ஒரே ஒருவர் இருந்தாலும் பொருந்தும். முன்பு வருடத்துக்கு 24 மணி நேரம் அல்லது 3 நாள் என்று இருந்தது, 2024 ஜனவரி 1 முதல் 40 மணி நேரம் அல்லது 5 நாள், எது அதிகமோ அது. மணிக்கணக்குப் பார்த்து மாளவில்லை என்றால் வருட ஆரம்பத்திலேயே மொத்தத்தையும் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊர்களுக்குத் தனி விதியும் உண்டு, தொழிலாளிக்கு எது சாதகமோ அதுதான் செல்லும். காய்ச்சலோடு ஒருவர் அடுப்படியில் நிற்பது யாருக்கும் நல்லதில்லை, தயவுசெய்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போக இந்த லீவை எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. கணவன், மனைவியின் பெற்றோரும் இந்தச் சட்டத்தில் குடும்பம்தான். 2023 முதல் சொந்தமே இல்லாத ஒருவரைக்கூட, அவரைக் கவனிக்க லீவ் வேண்டும் என்று, நீங்கள் குறிப்பிடலாம். விசாவைக் காட்டி இந்த உரிமையை மறுக்க முடியாது. லீவ் எடுத்ததற்காகப் பழிவாங்கினால் லேபர் கமிஷனரிடம் புகார் கொடுங்கள்.

கேள்வி: நான் டல்லாஸில் இருக்கிறேன். இங்கே?

பதில்: டெக்சாஸில் அப்படி மாநிலச் சட்டமே இல்லை. ஆஸ்டின், டல்லாஸ், சான் அன்டோனியோ கொண்டுவந்த விதிகளையும் நீதிமன்றங்கள் நிறுத்திவிட்டன. மத்தியச் சட்டமான எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) தகுதி இருப்பவர்களுக்கு 12 வாரம் லீவ் தரும், ஆனால் சம்பளம் கிடையாது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே லீவ் பற்றிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் வேலையை விட்டால் மிச்சத்துக்குக் காசு வருமா?

பதில்: தனி சிக் லீவ் என்றால் வராது. சிக் லீவையும் மற்ற விடுமுறையையும் பிடிஓ (சம்பளத்தோடு லீவ்) என்று ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்திருந்தால் வரும். ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் திரும்பச் சேர்ந்தால் பழைய மீதியைத் திருப்பித் தர வேண்டும்.