வெளியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் வெப்பநிலை சென்சார் மாட்டுவது எப்படி?

கேள்வி: சிப்பிக் காளான் வளர்க்கிறேன். குடிலை ஒட்டிய தாழ்வாரத்தில் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி. பின்பக்கம் சீரியல் போர்ட், பிரிண்டர் போர்ட் எல்லாம் உண்டு. குடிலுக்குள் இருக்கும் வெப்பநிலையை இரவு பகலாக அதில் பதிவு செய்ய வேண்டும். சென்சாரை நேராக சீரியல் போர்ட்டிலேயே மாட்டலாமா?

பதில்: நேராக மாட்டாதீர்கள். சீரியல் போர்ட்டின் பின்களில் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வரை வந்துபோகும். நான் உங்களுக்குச் சொல்லப்போகும் சென்சார் 3 முதல் 5.5 வோல்ட்டில் வேலை செய்வது. மாட்டிய நொடியே அதன் கதை முடிந்துவிடும். நடுவில் டயோடு, ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டை அடக்கும் சின்ன சர்க்யூட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். சவுண்ட் கார்டில் ஜாய்ஸ்டிக் மாட்டும் 15 பின் துளையில் தெர்மிஸ்டரை (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சின்னத் துண்டு) சொருகி வெப்பநிலை பார்த்தவர்களும் உண்டு. ரசிக்கலாம், ஆனால் பயிர் வைத்திருக்கிற நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

சென்சாரை டிஎஸ்18பி20 என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து ஒயரோடு வருவதே உங்களுக்குச் சரி. கூடவே ஒரு அர்டுயினோ நானோ போர்டு (சென்சாரைப் படித்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் குட்டி சர்க்யூட் போர்டு), ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர். சென்சாரின் சிவப்பு ஒயர் போர்டின் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் டி2 பின்னுக்கு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே அந்த ரெசிஸ்டர். இது இல்லாவிட்டால் எதுவும் வராது. புதிதாகச் செய்கிறவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. ஒயர் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறலாம், விற்பவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்சாரைப் படிக்கும் புரோகிராமைப் போர்டில் ஏற்றுவதை எக்ஸ்பியில் செய்து மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டில் யாரிடமாவது இருக்கும் புது லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள். ஏற்றியது போர்டிலேயே தங்கிவிடும். அப்புறம் பழைய கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் மாட்டினால், நிமிடத்துக்கு ஒரு எண்ணை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். விலை குறைந்த நானோ போர்டுகளில் யுஎஸ்பியில் பேசுவதற்குப் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும், அதற்கு எக்ஸ்பி டிரைவர் கிடைக்கிறது. வரும் எண்களைச் சேமிக்க எக்ஸ்பியோடு வரும் ஹைப்பர்டெர்மினலே போதும் என்பார்கள். ஆனால் அது நேரம் குறிக்காது. டெரா டெர்ம் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு வரியின் முன்னாலும் தேதியும் நேரமும் போட்டுத் தரும், அதையே வையுங்கள்.

போர்டு கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சென்சார் ஒயரை அதைவிடத் தாராளமாக நீட்டலாம். நெட்வொர்க் கேபிளை வாங்கி, ஒன்றோடொன்று முறுக்கிய ஒரு ஜோடியில் மஞ்சளையும் கிரவுண்டையும் விட்டால் 10, 15 மீட்டர் பிரச்சினையில்லாமல் ஓடும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி முகவரி எண் உள்ளே பதிந்திருப்பதால் அதே மூன்று ஒயரில் இன்னும் இரண்டு மூன்று சென்சார்களைச் சேர்க்கலாம். ஆனால் ஒரே புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பிரிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோத்துக்கொண்டு போங்கள்.

மாட்டுவது இவ்வளவுதான். வருகிற எண் உண்மையாக இருக்கிறதா என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வேண்டும். இதில் இரண்டு டிகிரி பிசகினாலே உங்கள் முடிவு மாறிவிடும். காளான் குடிலில் தண்ணீர் தெளிப்பீர்கள். நனைந்த ஸ்டீல் முனை, தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ந்து, காற்றின் வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஈரம் 85 சதவீதம் இருக்கிற குடிலிலும் இந்த வித்தியாசம் இரண்டு டிகிரியை எட்டலாம். எனவே பக்கவாட்டில் துளை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் முனை தொங்கும்படி விடுங்கள். உயரம் படுக்கைகளின் நடு மட்டத்தில். கூரையை ஒட்டிக் கட்டினால் மதியம் கூரையின் சூட்டைத்தான் படிப்பீர்கள், கம்ப்யூட்டரின் பின்னால் தொங்கவிட்டால் ஃபேன் காற்றை. வெளிக்காற்றுக்கும் ஒரு சென்சார் வைப்பதானால் வெயில் படாத நிழலில், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டருக்குள் இருக்கட்டும். வானிலை நிலையங்களிலும் இதே உயரம்தான்.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், நன்றாகக் கலக்கி முனையை நடுவில் வையுங்கள். பூஜ்யத்துக்கு அரை டிகிரி இப்படி அப்படி இருந்தால் நல்ல சென்சார். சந்தையில் போலிகள் நிறைய, அதனால் இதைத் தவிர்க்காதீர்கள். பின்னாளில் திடீரென 85 என்று வந்தால் பயப்பட வேண்டாம்: மின்சாரம் வந்த கையோடு, அளந்து முடிக்கும் முன்பே படித்துவிட்டால் அது காட்டும் எண் அது. மைனஸ் 127 என்றால் ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடில் வாசலுக்கு நேரே வைக்காதீர்கள். ஈரக்காற்று மட்டுமல்ல, காளான் வித்துத்தூளையும் ஃபேன் உள்ளே இழுத்துவிடும் (உங்கள் நுரையீரலுக்கும் அது ஆகாது, உள்ளே போகும்போது மாஸ்க் போடுங்கள்). காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை கட்டினால் பல்லி உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் தரும் பெட்டி) கருகாது, ஆனால் தூசியை அடிக்கடி தட்டிவிட வேண்டும். அடிக்கடி அணைப்பதைவிட ஓடவிடுவதே நல்லது, சூடான பெட்டிக்குள் ஈரம் படியாது. எர்த் சரியாக இருக்க வேண்டும். இடி மின்னல் என்றால் பிளக்கையும் சென்சார் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மானிட்டரை அணைத்தாலும் பெட்டி 80 வாட் இழுத்தால் நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட் ஆகும். அது ஒருநாள் படுத்துவிட்டால் செலவு செய்து எழுப்ப வேண்டாம், இதே போர்டையும் சென்சாரையும் பழைய லேப்டாப் எதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாகத் தொடங்க, பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதை மாற்றிவிடுங்கள். டெரா டெர்மை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டு, பதிவும் தானாகத் தொடங்கும்படி அமைக்கலாம். இவ்வளவு பழைய பெட்டியில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், எந்த எண் எந்த இரவுக்கு உரியது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.