புது டயர் போட்டதும் ரிம்மில் கீறலா? – வாகனக் கேள்வி பதில்

நான்கு சக்கரத்துக்கும் புது டயர் மாற்றினேன். 16 அங்குல டைமண்ட் கட் (முகத்தை லேத்தில் கடைந்து பளபளப்பாக்கிய) அலாய் ரிம். மறுநாள் கழுவும்போதுதான் கவனித்தேன்: மூன்று ரிம்மின் விளிம்பில் கீறல், ஒன்றில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருக்கிறது. கடையில் கேட்டால், 'பிளாட்பாரத்துல உரசியிருப்பீங்க சார், முன்னாடியே இருந்தது' என்கிறார்கள். நான் எதைக் காட்டிப் பேசுவது?
– வாசகர், திருமங்கலம்

கீறலையே காட்டிப் பேசுங்கள். பிளாட்பார உரசலும் டயர் மாற்றும் மெஷினின் உரசலும் ஒரே மாதிரி இருக்காது.

பிளாட்பாரத்தில் உரசினால் ரிம்மின் வெளிமுனையில், சக்கரம் சுழலும் திசையிலேயே, சொரசொரப்பான பட்டையாகத் தேயும். பெரும்பாலும் இடது பக்கச் சக்கரங்களில்தான் வரும், நாம் வண்டியை ஓரங்கட்டுவது அந்தப் பக்கம்தானே. பக்கத்திலேயே டயரின் பக்கச்சுவரிலும் உரசல் தெரிய வேண்டும். உங்கள் டயர் புதிது. ரிம் தேய்ந்து டயரில் ஒரு கோடுகூட இல்லையென்றால், அது புது டயரோடு நீங்கள் ஓட்டியபோது பட்டதல்ல.

மெஷின் தடம் மூன்று வகை. சக்கரத்தைப் பிடிக்கும் தாடைகளின் தடம் முதலாவது. பெரும்பாலான மெஷின்களில் நான்கு தாடைகள் இருக்கும்; ஆகவே கால் வட்டத்துக்கு ஒன்றாக, சம இடைவெளியில் நான்கு கடிகள் விழும். இப்படி நான்கு தெரிந்தால் அதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. இரண்டாவது, டயரை ரிம்முக்குள் ஏற்றும் வாத்துமூக்கு வடிவத் தலை போட்ட கோடு. டயர் உட்காரும் உள்விளிம்பை ஒட்டி, மெல்லிய வில்லாக, ஒரே அகலத்தில் நீளும். மூன்றாவது, பழைய டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் மண்வெட்டி போன்ற தகடு அழுத்திய ஒற்றைப் பள்ளம். உங்கள் சில்லு அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று ரிம்மிலும் கீறல் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் இருந்தால், மூன்றையும் அளந்து வைத்தாற்போல் உரச எந்தப் பிளாட்பாரத்தாலும் முடியாது.

ஏன் இப்படி ஆகிறது? தாடைகளுக்கும் ஏற்றும் தலைக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு. அது தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும், பல இடங்களில் மாற்றுவதில்லை. இரும்பு நேராக அலாய் மேல் உட்கார்கிறது. அடுத்த காரணம் கஞ்சத்தனமாகத் தடவிய சோப்புப் பசை. டயரின் உள்வளையம் வழுக்கி ஏறாமல் முரண்டு பிடிக்கும்; ஆள் கம்பியை விட்டு நெம்புவார். இதைவிடப் பெரிய தவறு, ஒரு பக்கம் ஏற்றும்போது எதிர்ப்பக்க வளையத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி வைக்காமல் விடுவது. பள்ளத்தில் இறங்கினால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். பக்கச்சுவர் குறுகிய டயர்களில் இந்தத் தவறு உடனே கீறலாகத் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது: நல்ல வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். முழுச் சக்கரம் தெரியும்படி ஒரு படமும் வேண்டும். பில்லில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தேதியிட்ட கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பி, ரிம்மைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் புகார் தர வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் தரவே மறுத்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம்தான்.

ரிம்மைப் பொறுத்தவரை, நகத்தால் நெருடிப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் மேல்பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது. சிக்கினால் உலோகம் வரை போயிருக்கிறது. அப்படியே விட்டால் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போல அரிப்பு பரவும். சாதா பெயின்ட் அலாய் என்றால் தேய்த்து, பிரைமர், நிறம், கிளியர் என்று உள்ளூரிலேயே முடிக்கலாம். டைமண்ட் கட் அப்படியல்ல. முகத்தை லேத்தில் மறுபடி கடைந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் ஓரிரு தடவைக்கு மேல் செய்யக் கூடாது. கடைக்காரர் 'பட்டி வைத்து சில்வர் அடித்துத் தருகிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்துச் சக்கரத்தோடு ஒட்டவே ஒட்டாது.

சில்லு பெயர்ந்த இடம் டயர் உட்காரும் பகுதியைத் தொடுகிறதா என்பது முக்கியம். அங்கே சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழ் வந்தால் காற்று கசிகிறது. மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தால் அந்த ரிம் வேண்டாம். வெல்டு வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கேஸ் தீ காட்டி வளைவு நிமிர்த்துவதும் அதே ரகம்தான். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே வலுவை இழந்துவிடும்.

டயர் மாற்றியதிலிருந்து கப்பலூர் தாண்டி 90-ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. 'புது டயர், ஓடினால் சரியாகும்' என்கிறார்கள்.
– வாசகி, வில்லாபுரம்

ஆகாது. நடுக்கம் ஸ்டியரிங்கில் என்றால் முன்சக்கரம், சீட்டில் என்றால் பெரும்பாலும் பின்சக்கரம். ஆகவே முன்னால் ஆரம்பியுங்கள்.

டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டி, மெல்லிய ஒரு வரி வட்டமாக ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்த வரிக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓரிடத்தில் வரி உள்ளே மறைந்திருந்தால் டயர் முழுதாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, பசை தடவி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். உட்கார வைக்கிறேன் என்று 40 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்ற விடக் கூடாது. டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்ப மாட்டார்.

வரி சரியாக இருந்தால் ரிம்மின் உட்புறம் பாருங்கள். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்ய (அதுதான் பேலன்ஸிங்) அலாய்க்கு ஒட்டு வெயிட்தான் போட வேண்டும், விளிம்பில் அடித்துச் சொருகும் கிளிப் வெயிட் பூச்சைப் பெயர்க்கும். ஒட்டு வெயிட்டைப் பிரேக் தூசியைத் துடைக்காமல் ஒட்டியிருந்தால் நம் வெயிலுக்கும் ஒரு மழைக்கும் தாங்காது. வெயிட் விழுந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருக்கும். பேலன்ஸிங்கைத் திரும்பப் போடும்போது மெஷின் கணக்கு பூஜ்யம் காட்டுவதை நீங்களே பாருங்கள்.

அப்புறமும் நடுங்கினால் ஜாக்கியில் தூக்கி, ஒரு பேனாவை ரிம் விளிம்பை ஒட்டி அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி விரிந்து சுருங்கினால் ரிம் வளைந்திருக்கலாம். தீர்ப்புச் சொல்லும் முன் சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். துருக்கட்டி ஒன்று நடுவில் சிக்கியிருந்தாலும் நல்ல ரிம்கூடக் கோணலாகத்தான் சுற்றும். கம்பி பிரஷ் போதும்.

நத்தம் சாலையில் இரவு பஞ்சர். வண்டியோடு வந்த ஸ்பேனரில் நட்டு அசையவே இல்லை, ஏறி மிதித்தும் பயனில்லை. கடையில் ஏர் கன்னால் முடுக்கியிருந்தார்கள். தவறு யாருடையது?
– வாசகர், ஊமச்சிகுளம்

கன்னைப் பிடித்தவருடையது. சிறிய, நடுத்தரக் கார்களின் வீல் நட்டுக்குச் சுமார் 85 முதல் 125 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 40 கிலோ விசை கொடுத்தால் ஏறக்குறைய 98 வரும். 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 170-ஐத் தாண்டும். நீங்கள் ஏறியும் கழலவில்லையென்றால் எவ்வளவு முடுக்கியிருப்பார்கள் என்று பாருங்கள். ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) நீண்டுபோகும், மரை சிதையும், அலாயில் நட்டு உட்காரும் கூம்பு நசுங்கும்.

எல்லா நட்டையும் கழற்றி மரையைப் பாருங்கள். ஒன்றில் மரை தேய்ந்திருந்தாலும் ஸ்டட்டையும் நட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இனிமேல் கழலட்டும் என்று ஆயில், கிரீஸ் தடவாதீர்கள். அதே முறுக்குக்கு ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். முதலில் கையால் சுற்றி, பிறகு நட்சத்திர வரிசையில் எதிரெதிராக, கடைசியில் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) போட்டு முடிக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வெளியில் வாங்கிய அலாய் என்றால் இன்னொன்று: கூம்பு நட்டும் உருண்டை நட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மாற்றிப் போட்டால் ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும், ஓட்டத்தில் தானே தளரும்.

ஸ்டீல் ரிம். புது டயர் போட்டும் வாரம் 3 பிஎஸ்ஐ குறைகிறது.
– வாசகர், உசிலம்பட்டி

வால்வு மாற்றினார்களா என்று கேளுங்கள். டியூப்லெஸ் வால்வின் ரப்பர் டயரோடு சேர்ந்தே வயதாகும், விலையும் அற்பம். மாற்றியிருந்தால் டயர் உட்காரும் இடத்தில் துரு. டயரை மறுபடி கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்துக் காய்ந்தபின்தான் போட வேண்டும். மேலே கோந்து தடவும் வைத்தியம் நிற்காது.

இன்று டயர் மாற்றிக்கொண்டு, இன்றைக்கே ராமேஸ்வரம் கிளம்பலாமா?
– வாசகி, மாட்டுத்தாவணி

கிளம்பலாம், சாவகாசமாக. ஏற்றும்போது தடவிய பசை காயும்வரை, சடாரென்று பிரேக் அடித்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். அதோடு பேலன்ஸிங்கும் போய்விடும். கடையை விட்டுக் கிளம்பும்முன் டயருக்கும் ரிம்முக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பரமக்குடியில் காபிக்கு நிறுத்தும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால், திரும்பி வந்ததும் பேலன்ஸிங்கை மறுபடி போடச் சொல்லுங்கள்.