டிசம்பர் 3-ஐ ஈட்டிய விடுப்பில் கழிக்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வீட்டுப் பால்காய்ப்புக்காக நவம்பர் 24 முதல் டிசம்பர் 2 வரை ஈட்டிய விடுப்பு (வேலை பார்த்த காலத்துக்குச் சேரும் சம்பள விடுப்பு) எடுத்தேன். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. 4-ஆம் தேதி காலையில் பணியில் சேர்ந்துவிட்டேன். அந்த விடுமுறைக்கு ஈடாக வேலை நாள் என்று அறிவித்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். போனில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது ஊழியர்களின் விடுப்புக் கணக்கைப் பார்க்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் சீட்டில் இருப்பவர், “நீங்கள் ஈடு செய்யவில்லை, அதனால் 3-ஆம் தேதியையும் ஈட்டிய விடுப்பில் கழிப்பேன். அது முழு விடுமுறையும் இல்லை, அறிவிப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது” என்கிறார். தெரிந்த ஒருவர், 1,500 ரூபாய் கொடுத்தால் முன்தேதியிட்ட மருத்துவச் சான்று வாங்கி எல்லாவற்றையும் சரி செய்து தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகி, குளச்சல்)

பதில்: முதலில் அந்த 1,500 ரூபாயைக் கைப்பையிலேயே வையுங்கள் சகோதரி. உங்கள் கணக்கில் சரி செய்ய வேண்டிய தவறு எதுவும் இல்லை. 3-ஆம் தேதி உங்களுக்கு விடுமுறைதான். சனிக்கிழமைக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போகும். அதோடு முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். உள்ளூர் விடுமுறை ஒரு நாள், ஈடு சனிக்கிழமை வேறொரு நாள். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு 3-ஆம் தேதியை விடுமுறை ஆக்குகிறது, அந்தச் சனிக்கிழமையை வேலை நாள் ஆக்குகிறது. சனிக்கிழமை வராதவர், மற்ற எந்த வேலை நாளிலும் வராதவரைப் போலத்தான். அந்த ஒரு நாளுக்கு முறைப்படி விடுப்பு கொடுக்க வேண்டும். “சனிக்கிழமை வந்தவருக்கு மட்டுமே 3-ஆம் தேதி விடுமுறை” என்று அறிவிப்பில் எங்கும் இல்லை. உங்கள் அலுவலகம் செய்யப் பார்ப்பது ஒரே நாளுக்கு இரண்டு முறை கழிப்பது: தற்செயலில் ஒன்று, ஈட்டியதில் ஒன்று.

அடுத்து, அந்த ‘முழு விடுமுறை இல்லை’ என்ற பேச்சு. இதற்குச் சற்று நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா ஆனாலும் சவேரியார் கோயில் திருவிழா ஆனாலும் இந்தக் குழப்பம் தவறாமல் வருகிறது. ஆட்சியர் அறிவிப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும்: இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படவில்லை, ஆகவே அரசுப் பாதுகாப்பு தொடர்பான அவசர அலுவல்களுக்காக மாவட்டக் கருவூலமும் கிளைக் கருவூலங்களும் குறிப்பிட்ட பணியாளர்களோடு செயல்படும் என்று. அந்தச் சட்டம் காசோலை, உண்டியல் எனப்படும் மாற்றுச் சீட்டு போன்ற பணப் பத்திரங்களைப் பற்றியது. அதன்கீழ் விடுமுறை அறிவித்தால் வங்கிகளும் மூட வேண்டும். ஒரு மாவட்டத் திருவிழாவுக்கு வங்கியை மூட வேண்டாம் என்பதற்காக அந்த வரியைப் போடுகிறார்கள். வங்கி திறந்திருந்தால் அரசுப் பணம் கையாளும் கருவூலத்திலும் நாலு பேர் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் அதன் பொருள். வட்டாட்சியர் அலுவலகத்து உதவியாளருக்கோ, வேளாண் அலுவலகத்துத் தட்டச்சருக்கோ அந்த வரியால் அரை நாள்கூடக் குறையாது.

அந்த ‘நாலு பேரில்’ ஒருவராக இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. கிளைக் கருவூலத்தில் 3-ஆம் தேதி பணிக்கு வரச் சொன்னால், வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். பெயரோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அன்று வருகைப் பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். பிறகு ஈடுசெய் விடுப்புக்கு எழுதிக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும். “சேவைதானே தம்பி, விடுங்க” என்று மேலே இருப்பவர் சொல்வார். விடாதீர்கள். திருவிழா நாளில் பிள்ளைகளைத் தேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகாமல் பெட்டகத்துக்குக் காவல் இருந்தவருக்கு ஒரு நாள் திருப்பிக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஈட்டிய விடுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. விடுப்புக்கு நடுவே விழும் சனி, ஞாயிறு, திருவிழா எல்லாமே கணக்கில் போய்விடும். நவம்பர் 24 முதல் டிசம்பர் 2 வரை என்றால் ஒன்பது நாளும் போகும், ஞாயிறும் சேர்த்து. ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒட்டி வரும் விடுமுறை கழியாது. அதற்கு விண்ணப்பத்திலேயே ஒரு வரி வேண்டும்: முன்னிணைப்பாக வரும் சனி, ஞாயிறையும் பின்னிணைப்பாக வரும் விடுமுறையையும் துய்க்க அனுமதி வேண்டுகிறேன் என்று. இந்த வரியை விட்டுவிட்டுப் பின்னால் அல்லாடுகிறவர்கள் ஏராளம். தற்செயல் விடுப்பில் கணக்கு நேர்மாறு: நடுவில் வரும் விடுமுறை கழியாது, ஆனால் எல்லாம் சேர்த்துத் தொடர்ச்சியாக 10 நாளைத் தாண்டக் கூடாது.

நீங்கள் விண்ணப்பித்தபோது ஆட்சியர் அறிவிப்பு வரவில்லையென்றால் 3-ஆம் தேதியைக் குறிப்பிட்டிருக்க மாட்டீர்கள். அது உங்கள் பிழை இல்லை. வெள்ளைத்தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

“நான் 24.11 முதல் 2.12 வரை ஒன்பது நாட்கள் ஈட்டிய விடுப்பில் இருந்தேன். 3.12 மாவட்ட ஆட்சியரால் உள்ளூர் விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. 4.12 முற்பகல் பணியில் சேர்ந்தேன். மேற்படி விடுமுறை நாளைப் பின்னிணைப்பாகத் துய்த்ததற்கு அனுமதி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

ஆட்சியர் அறிவிப்பின் நகலை இணையுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் கைநகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான். பிறகு விடுப்பை அனுமதிக்கும் ஒப்பளிப்பு ஆணை ஒன்பது நாளுக்கு வந்திருக்கிறதா, பத்து நாளுக்கா என்று பாருங்கள். அரசு ஊழியர்களுக்கான ‘களஞ்சியம்’ செயலி வழியாக விண்ணப்பித்திருந்தால் அங்கே பதிவான நாட்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியில் ஏறிவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அதில் ஏற்றுவதும் ஒரு மனிதர்தான்.

ஒரே ஒரு கண்ணி. 4-ஆம் தேதி நீங்கள் பணியில் சேராமல், “ஒரு நாள் தற்செயல் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் கதை வேறு. ஈட்டிய விடுப்பையும் தற்செயல் விடுப்பையும் இணைக்க முடியாது. 4-ஆம் தேதியும் ஈட்டியதாகி, நடுவில் மாட்டிக்கொண்ட 3-ஆம் தேதியும் சேர்ந்து போயிருக்கும். நீங்கள் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டது நல்லதாயிற்று.

ஆரல்வாய்மொழியில் வீடு, வள்ளியூரில் அலுவலகம் என்று இருப்பவர்கள், 3-ஆம் தேதி எங்களுக்கும் விடுமுறையா என்று கேட்கிறார்கள். வள்ளியூர் திருநெல்வேலி மாவட்டம். வீடு எங்கே என்று பார்ப்பதில்லை, அலுவலகம் எங்கே என்றுதான் பார்ப்பார்கள். திருவிழாவுக்குப் போக வேண்டுமென்றால் தற்செயல் விடுப்பு எடுங்கள்.

இனி அந்த மருத்துவச் சான்று. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உட்கார்ந்திருக்கிறார். மனு எழுதித் தருவார், சான்று கொண்டு வருவார், “உள்ளே நம்ம ஆள் இருக்கார்” என்பார். நாகர்கோவிலிலும் பார்த்திருக்கிறேன், தக்கலையிலும் குழித்துறையிலும் பார்த்திருக்கிறேன். அவர் விற்பது உங்கள் வேலைக்கே வைக்கும் வெடி. ஒரு நாள் காய்ச்சலுக்குத் தற்செயல் விடுப்பு போதும், எந்தச் சான்றும் வேண்டாம். முன்தேதியிட்ட சான்றைக் கொடுத்தால், நீங்கள் பால்காய்ப்பில் விருந்து பரிமாறிக்கொண்டிருந்த நாளில் படுக்கையில் கிடந்ததாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். சந்தேகம் வந்தால் அலுவலகம் அரசு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கலாம். பொய் என்று தெரிந்தால் 17 பி குற்றச்சாட்டு, அதாவது கடும் தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை வரும். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அந்தக் கோப்பு மேசையில் இருக்கும். அன்று டீக்கடைக்காரர் உங்களைத் தெரியாது என்பார்.

மருத்துவச் சான்றின் பேரில் வரும் ஈட்டா விடுப்பு ஒரு சேமிப்பு. முழுச் சம்பளத்தோடு, பணிக்காலத்தைப் பொறுத்து 90 நாளில் தொடங்கி 20 ஆண்டுக்கு மேல் 540 நாள் வரை ஏறும். ஓர் அறுவை சிகிச்சை, ஒரு புற்றுநோய் என்று வரும்போது குடும்பத்தைத் தாங்குவது அதுதான். அதை ஒரு சனிக்கிழமைக்காகக் கறைபடுத்தாதீர்கள்.

“ஒரு நாள்தானே, போகட்டும்” என்று விட்டுவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது, இளநிலை உதவியாளராக இருந்தபோது. இரண்டு முறை இதேபோல் விடுமுறை நாளை விடுப்பில் கழித்தார்கள். கேட்கத் தயங்கினேன். எடுக்காமல் மிஞ்சிய ஈட்டிய விடுப்புக்கு ஓய்வுபெறும்போது பணம் தருவார்கள். அப்போது என் கணக்கில் 238 நாள் இருந்தது. உச்சவரம்பு 240. பணிப்பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த இரண்டு நாளும் ஒரே கையெழுத்தில், நீல மையில் இருந்தன. கழித்தவர் எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து இரண்டு நாள் பணம். தொகை பெரிதில்லை, ஆனால் அது என் உழைப்பு. ஆண்டுக்கு ஒரு முறை பணிப்பதிவேட்டை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க எந்த அலுவலகத்துக்கும் நேரம் கிடைப்பதில்லை. தவறைத் திருத்தக் கேட்டால் மட்டும் மூன்று மேசைக்கு அலைய வைக்கிறார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

உங்களுக்கு இப்போதே பணத்தோடு தொடர்புண்டு. கொரோனா காலத்தில், 2020-ல், நிறுத்திய ஈட்டிய விடுப்பு சரணை (விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறுவதை) 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் கொடுக்கிறார்கள். சரண் செய்வதற்குக் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு நாளும் காசு.

ஜனவரி 1-ஆம் தேதி உங்கள் கணக்கில் அடுத்த அரையாண்டுக்கான 15 நாள் வரவு ஏறும். அதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். வரவு ஏறிய பின், ஜனவரி முதல் வாரத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் சீட்டுக்குப் போய்ப் பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்குப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நவம்பர் 24-க்கு நேரே ஒன்பது என்று இருக்க வேண்டும்.