அவருக்கு ரிக்லைனர், எனக்கு ஊஞ்சல்: சோபாக்காரரிடம் சில கேள்விகள்

மதுரையில் 20 வருடமாக சோபா செய்கிறேன். பாதி வேலை புதுசு, மீதி பழசைப் பிரித்துத் துணியும் குஷனும் மாற்றுவது. ஹாலுக்கு என்ன வாங்குவது என்று ஒத்துப்போகாத கணவன் மனைவிகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, எங்கள் ஹால் 10க்கு 14 அடி. அவருக்கு ரிக்லைனர் வேண்டுமாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊஞ்சல் ஆசை. அவர் "இரண்டும் போட்டால் நடக்கவே இடம் இருக்காது" என்கிறார். (மடிப்பாக்கம்)

நீங்கள் எழுதியதில் சோபா என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களாம்மா? இருவருமே கேட்காத ஒன்றுக்கு மனத்தில் ஏழடி இடம் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். ஹால் என்றால் மூன்று பேர் உட்காரும் சோபா இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அதை விட்டுவிடுங்கள், இரண்டும் அடங்கும்.

ஊஞ்சலுக்கு நாலடிக்கு இரண்டடி பலகை போதும். மெதுவாக ஆட முன்னும் பின்னும் இரண்டரை அடி விட்டால் மொத்தம் ஏழடி. ஆடாத நேரத்தில் அதுவே வழி. ரிக்லைனர் அகலம் சுமார் மூன்றடி. காலை நீட்டினால் நீளம் ஐந்தரை அடி வரை போகும். சாதாரண மாடலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் முதுகு சாயாது. ஒட்டிப் போட வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் மாடலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விருந்தாளி வந்தால் இரண்டு பிரம்பு நாற்காலி.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஊஞ்சல் கொக்கி கான்கிரீட்டில் இறங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் மாட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கே துளை போடலாம் என்பதைக் கட்டிட இன்ஜினியர் சொல்லட்டும். வாடகை வீடென்றால் ஸ்டாண்ட் ஊஞ்சல்தான், ஆனால் அதன் கால்களுக்கும் இடம் கணக்குப் பார்க்க வேண்டும்.

சார், கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த தேக்கு சோபா செட். செதுக்கல் வேலை, கறுத்துப்போன பாலிஷ். எனக்குச் சாதாரணமாக, நேர்க்கோடாக இருப்பதுதான் பிடிக்கும். அதை மாற்றலாமா என்றாலே மனைவி முகம் சுருங்குகிறது. (கோவை)

முகம் சுருங்குவது சோபாவுக்காக இல்லை என்று உங்களுக்கே தெரியும். அதனால் விற்கிற பேச்சை எடுக்காதீர்கள். மரச்சட்டம் அவருடையதாக இருக்கட்டும், மேலே இருப்பதை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றலாம்.

முதலில் சோபாவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பாலிஷ் படாத இடத்தில்தான் மரம் பொய் சொல்லாது. வைரம் பாய்ந்த தேக்கு தேன் நிறத்தில் இருக்கும். வெளிறிய வெள்ளைப் பகுதி நிறைய இருந்தால் அங்கேதான் வண்டு துளைக்கும். மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். மரம் நன்றாக இருந்தால், பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்து, பளபளப்பில்லாத மேட் பாலிஷ் போடச் சொல்லுங்கள். செதுக்கல் கண்ணை உறுத்துவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கறுப்பும் மினுமினுப்பும்தான். பிறகு பூப்போட்ட வெல்வெட்டைக் கழற்றிவிட்டு, ஒரே நிறத்தில் கெட்டியான பருத்தித் துணி. என்னிடம் வந்த இப்படியான செட் ஒன்றை வேலை முடித்துக் கொடுத்தபோது, வீட்டுக்காரர் "இது எங்களுடையதா?" என்றுதான் கேட்டார்.

குஷன் மாற்றும்போது ஏமாறாதீர்கள். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி, முதுகுக்கு 32 போதும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அதனால் தராசே காட்டிக்கொடுத்துவிடும். 24 அங்குலச் சதுரம், 5 அங்குலக் கனம் உள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் கிட்டத்தட்ட 1.9 கிலோ இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோதான் நின்றால் உங்களுக்கு 32ஐத் தள்ளிவிட்டார்கள்.

அவருக்குச் சாம்பல் நிறம், எனக்கு மாம்பழ மஞ்சள். யார் விட்டுக்கொடுப்பது? (திருச்சி)

கடையில் நின்று முடிவெடுக்காதீர்கள். அந்த விளக்கு எல்லா நிறத்தையும் அழகாகக் காட்டும். இரண்டு துணியிலும் ஒரு முழத் துண்டு வாங்கி வந்து, மாலை ஆறு மணிக்கு உங்கள் ஹால் டியூப்லைட்டில் பாருங்கள். சாம்பல் நீலமாகத் தெரியலாம், மஞ்சள் பச்சையடிக்கலாம். பாதிப் பேருக்குச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பேர் தலையணை உறையில் சமாதானம் ஆகலாம்.

நான் ரெக்சின் என்கிறேன், துடைத்தால் போதும், இரண்டு குழந்தைகள். மனைவி துணிதான் வேண்டும் என்கிறார். (தூத்துக்குடி)

இதில் நான் மனைவி பக்கம், தம்பி. நீங்கள் கடல் பக்கம் இருக்கிறீர்கள். ரெக்சின் என்று கேட்டால் கிடைக்கிற, தோல் மாதிரி தெரிகிற மலிவான பி.யூ. (பாலியூரிதேன் பூசிய துணி) ரகங்களின் மேல்பூச்சு, ஈரக்காற்றில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்டித் தரச் சொல்லி வாரம் ஒருவராவது வருகிறார்கள். ஒட்டவே முடியாது, மொத்தமாக மாற்ற வேண்டும். வெயிலில் அது முதுகில் ஒட்டிக்கொள்வது வேறு. உங்கள் கவலையும் நியாயம்தான். அதனால் ஜிப் வைத்த உறைகளாக இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாஷிங் மெஷினில், ஒன்று சோபாவில்.

ஐயா, நாங்கள் இருவரும் தரையோடு தரையாக இருக்கும் தாழ்வான சோபாதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அதற்கு எவ்வளவு குஷன் கனம் நல்லது? (சேலம்)

குஷன் இருக்கட்டும், அத்தைக்கு முழங்கால் எப்படி? தாழ்ந்த சோபாவில் உட்காரும்போது தெரியாது, எழும்போதுதான் தெரியும். உங்களுக்குப் பிடித்ததை வாங்குங்கள், கூடவே 18 அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும் கை வைத்த ஒரு தனி நாற்காலி. கையை ஊன்றித்தான் எழ முடியும், அதனால் அந்தக் கைகள் உறுதியாக இருக்கட்டும்.

என் கணவர் சோபாவே வேண்டாம், பாய் போதும் என்கிறார்! (நாகர்கோவில்)

கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒரு திவான் உங்களுக்கு, பத்தமடைப் பாயோ பவானி ஜமக்காளமோ அவருக்கு. சாயங்காலம் நீங்களே கீழே இறங்கி உட்கார்ந்துவிடுவீர்கள்.

எங்களுக்கு ஒரே எல் வடிவ சோபா இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. வேறு ஏதாவது யோசிக்க வேண்டுமா? (தாம்பரம், நான்காவது மாடி)

சண்டை இல்லாத வீட்டில்தான் அளவெடுக்க மறந்துவிடுவார்கள். செய்தித்தாளை அதே அளவுக்குத் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பாருங்கள். பால்கனிக் கதவு முழுசாகத் திறக்கிறதா? லிஃப்ட் கதவின் அகலம் என்ன? உள்ளே போகாவிட்டால் நாலு மாடி படியேற்ற ஆள் கூலி தனி. பிரித்துக் கொண்டுவந்து பூட்டுகிற மாதிரி செய்வார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், நீளும் பகுதி எந்தக் கைப் பக்கம் என்பது. சோபாவைப் பார்த்து நின்றால் வலது, உட்கார்ந்தால் அதுவே இடது. ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டுக்கு நானே மாற்றிச் செய்து, பூஜை அறைக் கதவை அடைத்துவிட்டேன். ரசீதில் வலது, இடது என்று எழுத விடாதீர்கள். வாசல், ஜன்னல் எல்லாம் போட்டு ஒரு படம் வரைந்து, அதில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.